இரண்டு இடத்தில் வந்த மூன்றாம் படி

இணையப் பக்கங்களை எழுத நாம் பயன்படுத்தும் மார்க்டவுன் குறியீட்டில், எண் போட்ட பட்டியலுக்குள் கட்டளைப் பெட்டியை, அதாவது கணினியில் தட்ட வேண்டிய வரிகளைத் தனியே காட்டும் பெட்டியை, எப்படி வைப்பது என்று உங்களில் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பதில் ஒரே வரிதான். பெட்டியைத் தொடங்கி வைக்கும் அந்த மூன்று சிறு கீற்றுகளை இடது ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். அந்தப் படியின் முதல் எழுத்து எங்கே தொடங்குகிறதோ அதற்கு நேர் கீழே, மூன்று ஸ்பேஸ் உள்ளே தள்ளி வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் கட்டளைகளையும் அதே அளவு தள்ளுங்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல ஓய்வுபெற்ற ஆள் தேவையில்லை, இணையத்தில் தேடினாலே கிடைத்துவிடும்.

ஆனால் அந்த மூன்று ஸ்பேஸை நான் ஒருமுறை அழித்திருக்கிறேன். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே, சந்தோஷமாக, நாற்பது பக்கங்களில் அழித்தேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அது போகாமல் நின்றதில் என் பங்கு கொஞ்சம்தான், அதுவும் கடைசி நேரத்தில் வந்த பங்கு. நீங்கள் என் பக்கங்களைப் படித்துவிட்டு என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் கம்பெனி ஈப்போவில் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்தது. கீழே கோப்பிக் கடை. சிறு கிளினிக்குகளுக்கும் டயாலிசிஸ் நிலையங்களுக்கும் நோயாளி விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள் செய்து கொடுத்தோம். பேராக் மாநிலம் முழுக்க எங்கள் தொழில்நுட்பர்கள் காரில் போய் அதை நிறுவுவார்கள், புதிய பதிப்பு வந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதித் தருவது என் வேலை. மலாயில் எழுதுவேன். ஆபீசில் எல்லாரும் என்னை வாத்தியார் என்பார்கள். மரியாதை பாதி, கிண்டல் பாதி.

தேவகி அந்தத் தொழில்நுட்பர்களில் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். குனோங் ராபாட்டில் வீடு. பத்து வருடத்துக்கு மேல் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் லைனில் நின்றுவிட்டு, மாலை வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கி எங்களிடம் வந்தவர். ஒப்பந்த வேலைதான். இரண்டு முறை ஒப்பந்தம் நீட்டித்தாயிற்று. மூன்றாவது முறை நீட்டிப்பு கிடையாது, நிரந்தரம் அல்லது வீடு என்பது கம்பெனி வழக்கம். அந்த மாதக் கடைசியில் அவர் காகிதம் மேலாளர் நசீரின் மேசைக்கு வந்திருந்தது. நிரந்தரம் ஆகாவிட்டால் பினாங்கில் பழைய ஃபேக்டரி வேலைக்கே திரும்ப வேண்டும், மகளை ஈப்போவில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கோப்பிக் கடையில் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். நான்தான் என் ரொட்டியைத் தொடாமல் தட்டை நகர்த்தி வைத்தேன்.

அப்படிப்பட்ட நல்ல மனது எனக்கு இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் வருவதையும் கேளுங்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு விதி இருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும். எழுதித் தந்த பக்கத்தில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும். தொலைபேசியில் படிகளைச் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. தொடங்கிய மாற்றத்தைப் பாதியில் விட்டு வரக் கூடாது. இந்த விதியைக் கொண்டு வந்தவன் நான். முன்பு ஒரு கிளினிக்கில், இங்கிருந்து ஒருவர் போனில் கட்டளையைச் சொல்ல, அங்கே ஒருவர் காதில் விழுந்ததைத் தட்ட, ஒரு நாளின் பதிவுகள் காணாமல் போயின. அதற்குப் பிறகு நசீரிடம் சண்டை போட்டு இந்த விதியை வாங்கினேன். நல்ல விதிதான். இன்றைக்கும் அதில் முக்கால் பங்கை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். படிகளை எழுதும்போது நாங்கள் ஒவ்வொன்றின் முன்னும் 1 என்றே போடுவோம். பத்துப் படி என்றால் பத்தும் 1. பக்கமாக வெளிவரும்போது இயந்திரமே 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு படியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் கை வலிக்காது. சோம்பேறிகளின் வழக்கம், ஆனால் நல்ல வழக்கம். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் கட்டளைப் பெட்டிகளை எல்லாம் மூன்று ஸ்பேஸ் உள்ளே தள்ளி வைத்திருந்தார். எனக்கு அது கண்ணை உறுத்தியது. கொடியில் துணி காயப்போடும்போதுகூட ஓரம் பார்த்துப் போடுகிறவன் நான். வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை அதிகம் இல்லாத நேரத்தில், நாற்பது பக்கங்களிலும் உள்ள பெட்டிகளை இழுத்து இடது ஓரத்தில் நிறுத்தினேன். கோப்பைத் திறந்தால் எல்லாம் நேர்கோட்டில் நின்றது. பார்க்க அவ்வளவு அழகு. கீழே போய் ஒரு வெள்ளைக் கோப்பி குடித்து அதைக் கொண்டாடினேன்.

பெட்டி ஓரத்துக்கு வந்துவிட்டால், பட்டியல் அங்கேயே முடிந்தது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குப் பிறகு வரும் படியைப் புதிய பட்டியலாக நினைத்து மறுபடி 1 என்று போடும். எழுதும் கோப்பில் இது தெரியாது, அங்கேதான் எல்லாமே 1 ஆயிற்றே. வெளிவந்த பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். நான் வெளிவந்த பக்கத்தைப் பார்க்கவில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா என்ன எழுதினோம் என்று ஒரு நினைப்பு.

புதிய பதிப்பை நிறுவும் பக்கத்தில் பத்துப் படிகள். மூன்றாம் படி, நோயாளி விவரங்களை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுப்பது. அதன் கீழே ஒரு பெட்டி. நான்கும் ஐந்தும் புதிய பதிப்பை ஏற்றுவது. அதன் கீழே ஒரு பெட்டி. ஆறாம் படி, எடுத்த பிரதியைப் புதிய பதிப்புக்குள் கொண்டு வருவது. ஏழாம் படி, பழையதில் எத்தனை நோயாளிகள், புதியதில் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. “எண்ணிக்கை பொருந்தாவிட்டால் படி 3-க்குச் செல்லவும்” என்று அங்கே எழுதியிருந்தேன். அதாவது திரும்பப் போய் மறுபடி பிரதி எடு என்று அர்த்தம். எட்டாம் படி, பழைய விவரங்களை முழுவதுமாக அழிப்பது. அதன் கீழே ஒரு பெட்டி. பிறகு இரண்டு சில்லறைப் படிகள்.

என் அழகுபடுத்தலுக்குப் பிறகு அது எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். 1, 2, 3, ஒரு பெட்டி. மறுபடி 1, 2, ஒரு பெட்டி. மறுபடி 1, 2, 3, ஒரு பெட்டி. ஏழாம் படி இப்போது 2. எட்டாம் படி இப்போது 3. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் படி 3-க்குப் போ என்று இரண்டு சொல்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே மூன்று நிற்கிறது. அது பழையதை அழி என்கிறது.

எங்கள் இணையத் தளத்தில் இருந்த அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்துச் செய்ய, தேவகி சித்தியவானுக்குப் போனார். அங்கே ஒரு டயாலிசிஸ் நிலையம். சுற்று வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த ஆட்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். காலைப் பிரிவு நோயாளிகளின் சிகிச்சை முடிந்து அடுத்த பிரிவு தொடங்குவதற்குள் ஒன்றரை மணி நேர இடைவெளி. அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ஏழாம் படி வரைக்கும் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் பழையதில் அறுபத்திரண்டு நோயாளிகள், புதியதில் நாற்பத்தொன்று. பிரதி எடுத்த வட்டில் இடம் போதாமல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

தேவகி எனக்குப் போன் செய்தார். நான் கீழே கோப்பிக் கடையில் இருந்தேன். கணினி மாடியில் இருந்தது.

“அண்ணே, பக்கத்துல மூணாவது படி ரெண்டு எடத்துல இருக்கு. எண்ணிக்கை ஒத்து வரல. எந்த மூணுக்குப் போகணும்?”

“என்னம்மா சொல்ற? மூணாம் படி எப்படி ரெண்டு எடத்துல இருக்கும்? பத்துப் படி, பத்து நம்பர்.”

“இல்லண்ணே, என் கண்ணு முன்னாடி இருக்கு. ஒண்ணு காப்பி எடுக்கச் சொல்லுது. இன்னொண்ணு பழசை அழிக்கச் சொல்லுது. அது பக்கத்துலயே இருக்கு, அதான் பயமா இருக்கு.”

“தேவகி, போன்ல படி சொல்லக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ணே. படி சொல்ல வேணாம். நீங்க ஒருதரம் பக்கத்தைத் தொறந்து பாருங்க, போதும்.”

“நான் எழுதுன பக்கத்தை நான் பார்க்கணுமா? ஒழுங்கா மேலருந்து படிம்மா. இருக்கிறபடி செய்.”

வைத்துவிட்டேன். மாடிக்குப் போக இருபது படிக்கட்டு. அந்த இருபது படிக்கட்டை ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் மீதிக் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது எரிச்சல்தான். லைனில் நின்ற பெண்ணுக்கு ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

அடுத்து அங்கே நடந்ததை, அந்த நிலையத்து நர்ஸுகளுக்குப் பொறுப்பான தலைமைத் தாதி பிறகு எங்களுக்குச் சொன்னார். தேவகி போனை வைத்துவிட்டுத் திரையில் இருந்த பக்கத்தை மேலிருந்து இன்னொரு முறை படித்தாராம். வெளியே அடுத்த பிரிவு ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. ஒரு பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “என்னாம்மா, மெஷினு கெட்டுப் போச்சா? வேன்காரன் சாயங்காலத்துக்கு மேல நிக்க மாட்டான்லா” என்றிருக்கிறார். தாதியும் நெருக்கினார். இன்னும் எவ்வளவு நேரம், முடியுமா முடியாதா என்று கேட்டார்.

தேவகி சொன்னாராம்: “சிஸ்டர், நான் படிச்ச பக்கத்துல ஒரு சந்தேகம் இருக்கு. சந்தேகத்தோட உங்க ஆளுங்க விவரத்தை நான் தொட மாட்டேன். பழையதையே திரும்ப ஓட விட்டுட்டுப் போறேன். லேட்டாயிடும். யார் கேட்டாலும் நான்தான் நிறுத்துனேன்னு சொல்லுங்க.”

புதிய பதிப்பை நிறுத்தி, பழையதை எழுப்பி, அறுபத்திரண்டு பேரின் பெயரும் வருகிறதா என்று தாதியை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகுதான் எழுந்திருக்கிறார். அடுத்த பிரிவு நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. அன்று முடிய வேண்டிய மாற்றம் முடியவில்லை.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரியப் போகிறது. பக்கம் ஒன்று சொல்கிறது. அதை எழுதியவன் போனில் அதையே செய் என்கிறான். விதி அதையே சொல்கிறது. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் இருந்த கட்டளையைத் தட்டியிருந்தால் இருபத்தொரு பேரின் விவரம் போயிருக்கும். ஆனால் தேவகி மேல் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது, பக்கத்தில் இருந்ததைத்தானே செய்தார். தட்டாமல் வந்தால் எல்லாக் குற்றமும் அவர் தலையில். அவர் தட்டாமல் வந்தார். இத்தனை வருட வேலையில் நான் பார்த்த மிகத் துணிச்சலான காரியம் அதுதான். அதைச் செய்தவர் சத்தமே போடவில்லை.

சாயங்காலம் நிலையத்திலிருந்து புகார்க் கடிதம் வந்தது. நசீர் என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர். ஈப்போவில் அவர்கள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை உண்டு. யாரையும் பசியோடு விடாத வீட்டில் வளர்ந்த ஆள்.

“அண்ணே, சூசாவாப் போச்சு, பெரிய தொல்லை. தேவகி பாதியில விட்டுட்டு வந்துட்டா. பக்கத்துல தப்புங்கறா. உங்க பக்கத்துல தப்பு இருக்குமா?”

“இருக்காது பாஸ்.”

“அவ பேப்பர் என் மேசைல கெடக்கு. இப்படிப் பண்ணுனா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்குப் பெரட்டுல பேசிடுவோம்.”

எங்கள் காலைக் கூட்டத்தைப் பெரட்டு என்போம். தோட்டத்தில் விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அப்படிச் சொல்வார்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால் அந்தப் பெயர் மாடியிலும் ஒட்டிக்கொண்டது.

“விதின்னா எல்லாருக்கும் விதிதான்லா பாஸ்” என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை சீக்கிரமே ஆபீசுக்குப் போனேன். பக்கத்தை அச்சடித்து, பெரட்டில் தேவகி முன்னால் வைத்து, எங்கேம்மா இன்னொரு மூன்று என்று கேட்பதாகத் திட்டம். அச்சுப்பொறி காகிதத்தைத் தள்ளியது. எடுத்துப் பார்த்தேன். 1, 2, 3, பெட்டி. 1, 2, பெட்டி. 1, 2, 3.

அந்த எட்டாம் படியின் முன்னால் இருந்த 3-இல் விரலை வைத்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டது. முதலில் நினைவுக்கு வந்தது தேவகி இல்லை, கோப்பெங். அன்று ஒன்பது மணிக்கு வேறொரு தொழில்நுட்பர் கோப்பெங்கில் ஒரு கிளினிக்குக்குப் போவதாக இருந்தது. இதே பக்கம்தான். ஓடிப் போய் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தின் பெட்டிகளை மட்டும் மூன்று மூன்று ஸ்பேஸ் உள்ளே தள்ளினேன். சேமித்தேன். வெளிவந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன், முதல் முறையாக. 1 முதல் 10 வரை வரிசையாக இருந்தது. ஐந்து நிமிட வேலை.

அதுவரை நான் செய்தது சரிதான். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, நேற்றைய பக்கம் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. மாற்றங்களின் வரலாறு உள்ளே எங்கோ இருக்கும், ஆனால் அதைத் தோண்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். மிச்சம் இருப்பது என் கையில் உள்ள ஒரே ஒரு காகிதம். நான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் மடித்தேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெரட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் நினைவு.

பெரட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நசீர் பக்கத்தைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டார். பத்துப் படி, பத்து எண். பெட்டிகள் அந்தந்தப் படிக்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

“எங்கம்மா இன்னொரு மூணாம் படி?” என்றார் நசீர்.

தேவகி திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் பேசியிருக்க வேண்டும். காகிதம் பையில் இருந்தது, வாய் முகத்தில் இருந்தது. இரண்டும் அசையவில்லை. இத்தனை வருடம் சேர்த்து வைத்த வாத்தியார் என்ற பெயர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம், சுவரில் என் விதி, நேற்று நான் சொன்ன ‘இருக்காது பாஸ்’, எல்லாம் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொண்டன. எதிரே ஒரு பெண் பொய்க்காரியாக நின்றுகொண்டிருந்தார், நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவகியின் முகம் திடீரென்று மலர்ந்தது.

“சரி பண்ணிட்டீங்களாண்ணே? அப்பாடா! கோப்பெங்குக்கு இன்னிக்கு ஆள் போறாரேன்னு நேத்து முழுக்க எனக்கு அதே நெனப்புதான். நேத்தே அவருக்குப் போன் பண்ணி, அந்தப் பக்கத்தைத் தொடாதீங்க, வாத்தியார் பார்த்துச் சரி பண்ணிருவாருன்னு சொல்லி வச்சிருந்தேன். இப்போ போலாம்னு சொல்லிரவாண்ணே?”

நசீர் என்னைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

நான் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன். மடிப்பைக் கையால் தேய்த்துவிட்டேன். எதையாவது செய்ய வேண்டியிருந்தது.

“பாஸ், நேத்து இதுதான் இருந்துச்சு. அவ சொன்னது அத்தனையும் உண்மை. அழகா இருக்கணும்னு பெட்டியெல்லாம் ஓரத்துக்கு இழுத்தது நான். போன்ல பார்க்கச் சொன்னா, பார்க்க மாட்டேன்னேன். காலைல பார்த்தேன், சரி பண்ணுனேன். இப்போ நீங்க கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

கடைசி வாக்கியம்தான் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் தவறு. அது தவறு இல்லை, வேறு ஏதோ. நசீர் காகிதத்தை எடுத்து, விரலை வைத்து ஏழாம் படியிலிருந்து எட்டாம் படிக்கு நகர்த்தினார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“இதைத் தட்டியிருந்தா?”

“இருபத்தொரு பேர் விவரம் போயிருக்கும். அதுக்கு முன்ன எடுத்த பிரதி போன வாரத்துது, இந்த வாரச் சிகிச்சை எதுவும் அதுல இருக்காது.”

நசீர் எழுந்து அங்கேயே சித்தியவானுக்குப் போன் செய்தார், எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து. மன்னிப்புக் கேட்டார். தலைமைத் தாதிக்கு நல்ல கனத்த குரல். “நான் எழுதினது லேட்டானதைப் பத்திதான். அந்தப் பொண்ணைப் பத்தி இல்லை. அடுத்த தடவையும் அதையே அனுப்புங்க, வேற ஆளை அனுப்பினா நான் கம்ப்யூட்டரைத் தொட விட மாட்டேன்” என்றார். தேவகி அங்கே சொன்னதை எல்லாம் அப்போதுதான் தாதி எங்களுக்குச் சொன்னார். தேவகி கூச்சப்பட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படித் தோன்றியது என்று நசீர் கேட்டார். தேவகிக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “ஃபேக்டரில அப்படித்தான் பாஸ். லைன்ல நிக்கிற யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கயித்தை இழுக்கலாம், லைன் நின்னுரும். சூப்பர்வைசர் திட்டுவாரு. பரவால்ல, திட்டட்டும். தப்பான சாமான் வெளிய போகாதுல்ல?”

நான் யாரை லைனில் நின்ற பெண் என்று முதல் நாள் மட்டமாக நினைத்தேனோ, அவர் அந்த லைனிலிருந்து கொண்டு வந்த புத்திதான் இருபத்தொரு பேரைக் காப்பாற்றியது. நான் எழுதிய விதி அவர்களைக் காப்பாற்றவில்லை.

நடந்ததை அறிக்கையாக எழுதும் வேலையை நசீர் என்னிடமே கொடுத்தார். என் பெயரைப் போட்டு, நான் செய்ததை வரிசையாக எழுதினேன். நசீர் அந்த வாரமே தேவகியின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பினாங்கு போக வேண்டியதில்லை. சுவரில் இருந்த விதியைக் கழற்றி ஒரு வரி சேர்த்து மாட்டினோம்: பக்கத்தைப் படிப்பவர் எந்தப் படியிலும் நிறுத்தலாம், எழுதியவர் அப்போதே பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் பாதி நான் கேட்டுச் சேர்த்தது.

பிறகு நாற்பது பக்கங்களையும் திருத்த உட்கார்ந்தேன். தேவகி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை. “நீங்க கோப்பைப் பாருங்கண்ணே, நான் வெளிய வர்றதைப் பார்க்கிறேன்” என்றார். எழுதியவனுக்குத் தன் பக்கம் தெரியாது என்று, அந்தத் திருத்த வேலை நடந்த இரண்டு நாளில்தான் எனக்கு உறைத்தது. கண் தான் நினைத்ததையே படிக்கும். தேவகி ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்து, அங்கே நோயாளி காத்திருக்கிறார் என்பது போலவே படித்தார். பெட்டியைச் சரி செய்த பக்கங்களிலும் வேறு தவறுகளைக் கண்டுபிடித்தார். ஒரு படியில் எந்த வட்டு என்று எழுத மறந்திருந்தேன். வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லும் படி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை நாற்பதிலும் சேர்த்தோம். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, தேவகியோ வேறொரு தொழில்நுட்பரோ விரல் வைத்துப் படிக்காமல் என் பக்கம் ஒன்றுகூட வெளியே போனதில்லை.

ஆகவே பெட்டியை மூன்று ஸ்பேஸ் தள்ளி வையுங்கள். எண்ணைச் சொல்லி ‘படி 3-க்குப் போ’ என்று எழுதாதீர்கள். ‘பிரதி எடுக்கும் படிக்குத் திரும்பப் போய் மறுபடி எடு’ என்று செயலைச் சொல்லி எழுதுங்கள். எண் தவறினாலும் சொல் காப்பாற்றும். வெளிவந்த பக்கத்தைப் பாருங்கள். யாராவது போனில் ஒரு சந்தேகம் சொன்னால், கோப்பியை வைத்துவிட்டு மாடிக்குப் போங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம்.

தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற அன்று கீழே கோப்பிக் கடையில் ஒரு சின்ன விருந்து. எல்லாரும் கிளம்பிய பிறகு தேவகியும் நானும் மட்டும் இருந்தோம். இத்தனை காலம் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு நீ மொதல்ல பேசாம இருந்திருந்தா, நான் அந்தப் பேப்பரை எடுத்திருப்பேனா தேவகி? எனக்கே தெரியலம்மா.”

தேவகி கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

“எனக்கும் தெரியலண்ணே” என்றார். “அதான் நான் முந்திக்கிட்டேன்.”